பூசான் கடற்கரையில் ஒரு செருப்புத் திருட்டு

ஏம்மா, அந்தச் செருப்பைக் கழட்டி அங்கிட்டு விடாத. காலுக்கடியிலயே வச்சுக்க. பஸ்ஸுக்குள்ள யாரு எடுக்கப் போறான்னு பாக்குறியா? அப்படித்தான் நானும் நினைச்சேன். நினைச்சுத்தான் பறிகொடுத்தேன். இங்கிட்டு இல்ல தாயி, கொரியாவுல. ஆமா, வெளிநாட்டுலதான்! வெளிநாட்டுல திருடனே கிடையாது, நடுரோட்டுல தங்கச் சங்கிலி கிடந்தாலும் கிடந்த இடத்துலயே கிடக்கும்னு சொல்லுவாங்கல்ல, அந்த ஆளை ஒருக்கா என்கிட்ட கூட்டிட்டு வா. நான் பேசிக்கிறேன்.

நீ எங்க இறங்கணும்? சாத்தூரா? நான் விருதுநகர். நேரம் இருக்கு, சொல்றேன் கேளு.

இருபத்தெட்டு வருஷம் ரேஷன் கடையில பில் போட்டவ நான். மண்ணெண்ணெய் வாங்க வர்ற கூட்டத்தை ஒத்தை ஆளா வரிசையில நிப்பாட்டுனவ. எங்க ஏரியாவுல சொர்ணத்தாய்னு கேட்டுப் பாரு, சொல்லுவாங்க. என்னை ஏமாத்தி ஒருத்தன் ரெண்டாந்தடவை சீனி வாங்க முடியாது. அப்பேர்ப்பட்டவகிட்டயே ஒருத்தன் செருப்பைத் திருடிட்டான்னா அவன் எப்பேர்ப்பட்ட கள்ளனா இருக்கணும்!

என் மகன் முனீஸ்வரன், முனீஸ்னுதான் கூப்பிடுவேன், பூசான்ல இருக்கான். கடற்கரை ஊரு. கப்பல் கட்டுற கம்பெனியில படம் வரையுற வேலை. ஒத்தைப் பிள்ளை, இன்னும் கல்யாணம் ஆகலை, அந்தக் கதையை எடுத்தா விருதுநகர் பத்தாது, திருநெல்வேலி வரைக்கும் போகணும். அவங்கப்பா தவறுன பிறகு, ‘ஊர்ல தனியா கிடக்காதம்மா, மூணு மாசம் வந்து இரு’ன்னு டிக்கெட் போட்டான். போனேன். போயி? காலையில ஏழு மணிக்கு அவன் கிளம்பிருவான். பொழுது போயி வருவான். வந்ததும் லேப்டாப்பைத் திறந்துருவான். ‘சாப்பிட்டியாம்மா?’ ‘சாப்பிட்டேன்டா.’ அம்புட்டுதான் எங்க பேச்சு. வீடு பத்தொன்பதாவது மாடி. ஜன்னல்ல நின்னா ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல கடல் ஒரு கோடு மாதிரி தெரியும். அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே ஒன்றரை மாசம் உக்காந்திருந்தேன். ‘ஒரு நாள் கடலுக்குக் கூட்டிட்டுப் போடா’ன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமைன்னான். அப்புறம் அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைன்னான். இப்படியே ஆறு ஞாயித்துக்கிழமை ஓடிப் போச்சு.

எனக்கு மனசுல ஒண்ணு விழுந்துருச்சு தாயி. இவனுக்கு நெசமாவே நான் வேணுமா? இல்ல, ஆத்தாளை வச்சுப் பாக்குறான்னு ஊர்ல நாலு பேரு சொல்லணும்னு கூட்டிட்டு வந்தானா? அது தெரியாம எனக்குச் சோறு இறங்கலை. வேண்டாம்னா அடுத்த பிளைட்டைப் பிடிச்சு ஊர் வந்து சேருவோம், நம்ம வீடு இருக்கு, பென்ஷன் இருக்கு, எவனுக்கும் பாரமா இருக்க வேண்டாம்னு முடிவே பண்ணிட்டேன்.

அன்னைக்கு வியாழக்கிழமை. வாசல்ல உக்காந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கிட்டிருக்கான். அந்த ஊர்லயும் வீட்டுக்குள்ள செருப்பு போட மாட்டாங்க, நம்மளை மாதிரிதான். அதுல ரொம்ப கண்டிப்பு என் மகன். ‘இந்த வாரமாச்சும் கடலுக்குப் போவமாடா’ன்னேன். ‘லீவே கிடைக்காதும்மா, கப்பல் டெலிவரி இருக்கு’ன்னான். எனக்கு வந்துச்சே கோவம். ‘நான் அந்தக் கடல்ல விழுந்து செத்தாலாவது உங்க மேனேஜரு உனக்கு லீவு கொடுப்பானாடா?’ன்னு கேட்டுட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பாக்கலை. ‘தனியா வெளிய போயிராதம்மா, தொலைஞ்சிருவ’ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டான்.

ஏம்மா முழிக்கிற? வீட்டுல சொல்றதுதானே. நான் ஒரு நாளைக்கு நாலு தடவை சாவேன். குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு அவங்கப்பா வாயைத் திறந்தா, ‘இருங்க, கிணத்துல விழுந்துட்டு வாறேன்’ம்பேன். ‘சரி, விழுந்துட்டு வந்து மோரை ஊத்து’ம்பாரு அந்த மனுசன். அப்படி ஒரு குடித்தனம் முப்பத்தஞ்சு வருஷம்.

தொலைஞ்சிருவேனாம்ல. யாரு, நானா? கிளம்பிட்டேன். சேலையைக் கட்டி, கடக்காத்துக்கு மேல சொட்டரைப் போட்டேன், மூக்குக் கண்ணாடியை மாட்டுனேன், சுருக்குப்பையை இடுப்புல செருகுனேன். என் போனு வீட்டுக்குள்ள வைஃபை இருந்தாத்தான் பேசும், அதனால அதைச் சார்ஜ்ல போட்டுட்டேன். முனீஸ் மொத வாரமே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தான். அந்த ஊர் எழுத்துல அவன் பேரு, வீட்டு விலாசம், போன் நம்பரு. தொலைஞ்சா யார்கிட்டயாச்சும் காட்டுன்னு. அதையும் எடுத்துக்கிட்டேன். தொலைய மாட்டேன், ஆனாலும் பிள்ளை எழுதிக் கொடுத்ததுல்ல.

பஸ் ஸ்டாப்புக்குப் போறேன், பத்துப் பேரு வரிசையில நிக்கிறான். யாரும் நிப்பாட்டலை, தானா நிக்கிறான்! இருபத்தெட்டு வருஷம் நான் தொண்டை கிழியக் கத்துனதை இந்த ஊர்க்காரன் சும்மா செஞ்சுக்கிட்டிருக்கான். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. பஸ்ல ஏறி விரலை மடக்கி ஸ்டாப்பை எண்ணிக்கிட்டே போனேன். பதினேழாவது ஸ்டாப்புல கடல் வந்துச்சு. திரும்பி வர எதுத்தாப்புல அதே நம்பர் பஸ்ஸு, பதினேழு ஸ்டாப்பு. இதுல தொலைய என்ன இருக்கு?

கடலு நல்லாத்தான் இருந்துச்சு. பச்சையா, சுத்தமா இருந்துச்சு. ஆனா சுண்டல் கிடையாது, மாங்காய் கிடையாது, ராட்டினம் கிடையாது. என்னத்துக்கு வந்தம்னே தெரியாம ஆளுக பாட்டுக்கு நடக்குதுக. பாறைக்கு மேல பலகை போட்டு நடைபாதை கட்டியிருக்கான். அது முடியுற இடத்துல படி இறங்குது, கீழ பாறை, அதுக்கப்புறம் தண்ணி. ஆள் நடமாட்டம் இல்லாத மூலை.

சமுத்திரத்துல செருப்புக் காலோட இறங்குவாங்களா? அது சாமியில்ல? பலகை முடியுற இடத்துல செருப்பைக் கழட்டி, ஜோடி சேத்து, கடலைப் பாக்க விட்டேன். சொட்டரை மடிச்சுப் பக்கத்துல வச்சேன். மூக்குக் கண்ணாடியை அலை அடிச்சுட்டுப் போயிரும்னு சொட்டர் மேல வச்சேன். சீட்டு நனைஞ்சா எழுத்து அழிஞ்சிருமேன்னு அதை இடது செருப்புக்கு அடியில செருகுனேன், காத்து தூக்காம. எல்லாம் வரிசையா, அம்சமா இருந்துச்சு. நான் எதை வச்சாலும் அப்படித்தான், கடையில மூட்டை அடுக்குனாலும் நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்.

இறங்கி, தண்ணியை அள்ளித் தலையில தெளிச்சேன். ‘என் மகனுக்கு நல்ல புத்தியைக் கொடு, ஆத்தாளைத் திரும்பிப் பாக்க வையி’ன்னு ஒரு கும்பிடு போட்டேன். கண்ணைத் திறக்கல, அலை ஒண்ணு வந்து இடுப்பு வரைக்கும் அடிச்சுருச்சு. ‘ஆத்தாடி!’ன்னு கத்திட்டேன். பாறைக்கு அந்தப் பக்கம் கெக்கெக்கேன்னு சிரிப்பு. எட்டிப் பாத்தா, நாலு கிழவிக. கறுப்பு ரப்பர் உடுப்பு போட்டு, பாயை விரிச்சு உக்காந்து சிப்பியைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருக்காளுக. கடலுக்குள்ள முங்கி சிப்பி எடுக்குறதுதான் அவளுக பொழப்பு. எழுபது வயசு இருக்கும் தாயி ஒவ்வொருத்திக்கும்!

அதுல மூத்தவ ஒருத்தி, மூணு பல்லுதான் இருக்கும், கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சுட்டா. நான் வெடவெடன்னு ஆடுறதைப் பாத்துட்டு, அவளோட பூப்போட்ட கால்சட்டை ஒண்ணு, பஞ்சு வச்ச கையில்லாத சட்டை ஒண்ணு, ரப்பர் செருப்பு, வெயிலுக்கு நெத்தியில மாட்டுற மறைப்பு, மூக்குலேருந்து கழுத்து வரைக்கும் மூடுற துணி எல்லாத்தையும் போட்டுவிட்டுட்டா. ஈரச் சேலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள போயிருச்சு. என்னைச் சுத்திச் சுத்திப் பாத்து அவளுக சிரிக்க, நானும் சிரிக்க. நான் தமிழ்ல பேசுறேன், அவளுக அவளுக பாஷையில பேசுறாளுக. ரெண்டு மணி நேரம்! ஒரு வார்த்தை புரியலை, ஆனா எல்லாக் கதையும் பேசிட்டோம். பிள்ளைகளைப் பத்திச் சொன்னா மட்டும் தெரிஞ்சுபோச்சு. காதுல போனை வச்ச மாதிரி சாடை காமிச்சு, இல்லைன்னு கையை விரிச்சா மூத்தவ. ‘அங்கயும் அதே கதைதானா’ன்னு அவ தொடையில ஒண்ணு வச்சேன். சுருக்குப்பையில கோவில்பட்டி கடலைமிட்டாய் இருந்துச்சு, கொடுத்தேன். பதிலுக்கு என்னமோ பச்சையா நெளியுறதைக் கொடுத்தாளுக. கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

அப்பத்தான் விசில் சத்தம். படகு ரெண்டு விருட்டுன்னு வருது. மேல ஆளுக ஓடுறாங்க. ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருத்தன் வந்து கிழவிககிட்ட என்னமோ சொன்னான். எனக்கு விளங்கலைன்னதும் மூத்தவ சாடையில சொன்னா. ரெண்டு கையையும் செருப்பு மாதிரி சேத்து வச்சுக் காட்டி, கடலைக் காட்டி, நெஞ்சுல கை வச்சுக்கிட்டா. புரிஞ்சுபோச்சு தாயி. யாரோ ஒரு பொம்பளை செருப்பைக் கரையில விட்டுட்டு விழுந்துட்டா. நம்ம ஊர்லயும் கிணத்து மேட்டுல ஜோடிச் செருப்பு கிடந்தா ஊரே எட்டிப் பாக்கும்ல? அதேதான். அந்த நாலு கிழவிகளும் முங்குற கண்ணாடியை மாட்டுனாளுக, தொபுக்குன்னு குதிச்சுட்டாளுக. முன்னப் பின்ன தெரியாத ஒருத்திக்காக! நான் மாரில அடிச்சுக்கிட்டு அழுதேன். ‘அடிப் பாவி, உனக்கு என்னடி குறை, சொல்லி அழ ஒரு ஆள் இல்லாமயா போச்சு’ன்னு.

அழுதுக்கிட்டிருக்கும்போதே எனக்கு என் செருப்பு ஞாபகம் வந்துருச்சு. கூட்டம் கூடுற இடத்துல திருடனும் கூடுவானே! மேல ஏறி ஓடுனா, நான் நினைச்சது சரியாப் போச்சு. மஞ்சக் கயிறு கட்டி, போலீஸ் நிக்குது. செருப்பு விட்ட இடம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. செருப்பு இல்ல, சொட்டர் இல்ல, கண்ணாடி இல்ல, சீட்டுகூட இல்ல. போலீஸ் காவல் நிக்கும்போதே தூக்கிட்டாம்மா! என்ன நெஞ்சழுத்தம் இருக்கணும்? ‘என் செருப்பு, என் செருப்பு’ன்னு கயித்துக்குள்ள போகப் பாத்தேன், ஒரு சின்ன வயசுப் போலீஸு தடுத்து, குனிஞ்சு கும்பிட்டுப் பின்னால அனுப்பிட்டான். பின்னால ஒரே தள்ளுமுள்ளு. எனக்குத்தான் கூட்டத்தைக் கண்டா கை சும்மா இருக்காதே. ‘ஏய், தள்ளி நில்லு! ஒருத்தர் பின்னால ஒருத்தர்! உசுரு போற இடத்துல என்ன வேடிக்கை?’ன்னு ஒரு அதட்டு. அம்புட்டுப் பேரும் ரெண்டடி பின்னால போயிட்டான். அந்தப் போலீஸு எனக்கு மறுபடியும் குனிஞ்சு ஒரு கும்பிடு.

அப்புறம் அவன் போனை எடுத்து எல்லாருக்கும் ஒரு போட்டோவைக் காட்டிக்கிட்டே வந்தான். விழுந்தவ போட்டோ. என் மூஞ்சிக்கு நேராவும் நீட்டுனான். கண்ணாடி இல்லாம எனக்கு எல்லாம் கலங்கலாத்தான் தெரியும். என்னமோ பச்சைப் பட்டு, வட்ட முகம். குடும்பப் பாங்கான முகமாத்தான் தெரிஞ்சுச்சு. ‘மகராசி மாதிரி இருக்காளே, இவளுக்கு ஏன்ப்பா இந்தப் புத்தி போச்சு’ன்னு சொல்லி, தெரியாதுன்னு தலையை ஆட்டிட்டேன்.

வெறும் வயிறு, அழுத அழுகை, தலை சுத்துது. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன். ஜன்னலோரம் உக்காந்து பாத்தா ஒரு டாக்ஸி வந்து நிக்குது. வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் இறங்கி, கதவைக்கூடச் சாத்தாம ஓடுறான். ‘பாரு, கதவைச் சாத்தாமப் போறான், டாக்ஸிக்காரன் என்ன பண்ணுவான்’னு நினைச்சேன். படியில இறங்குனான், பாறையில விழுந்து எந்திரிச்சான், நிக்காமத் தண்ணிக்குள்ளயே போயிட்டான் தாயி. இடுப்பளவு தண்ணியில ரெண்டு போலீஸு பிடிச்சு நிறுத்துது, அவன் திமிறுறான். முகம் தெரியலை, தூரம். ஆனா தெரிய வேண்டியதில்லையே. அவ பெத்த பிள்ளைதான்னு எனக்கு அடிவயிறு சொல்லிருச்சு. பஸ்ஸு கிளம்பிருச்சு. பதினேழு ஸ்டாப்பும் அந்தப் பையனுக்காக அழுதுக்கிட்டே வந்தேன். அழுதாலும் விரலை மடக்குறதை விடலை.

வீட்டுக்கு வந்து, கால்சட்டையை மாத்திச் சேலையைக் கட்டி, பூண்டு ரசம் வைக்கலாம்னு அடுப்பைப் பத்த வச்சேன். போனைப் பாத்தா முனீஸு நாப்பத்தோரு தடவை கூப்பிட்டிருக்கான்! வேலை நேரத்துல இதுதான் வேலையான்னு திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்தான். ஓடி வந்தவன் மாதிரி மூச்சு வாங்குறது கேக்குது. ‘என்னடா?’ன்னேன். ‘அம்மா... எங்க இருக்க?’ன்னான். ‘எங்க இருப்பேன், வீட்டுல ரசம் வச்சுக்கிட்டிருக்கேன்’னேன். போனைக் கீழ போட்ட மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணும் கேக்கலை.

அரை மணி நேரத்துல வந்துட்டான். வந்தவன் ஷூவைக் கழட்டலை! அம்புட்டுக் கண்டிப்புக்காரன், ஷூக் காலோட விறுவிறுன்னு அடுப்படிக்குள்ளயே வந்து, என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். அஞ்சாம் வகுப்புக்கு அப்புறம் அவன் என்னைக் கட்டிப் பிடிச்சதில்ல தாயி. விடவே இல்ல, ரசம் பொங்கி அடுப்புல வழியுது, அப்பவும் விடலை. வெள்ளைச் சட்டையெல்லாம் கசங்கி, பேண்ட்டு இடுப்பு வரைக்கும் நனைஞ்சு, ஒரே உப்பு வாடை. ‘என்னடா இது?’ன்னேன். மழையில நனைஞ்சேன்னான். வெளிய சுள்ளுன்னு வெயிலு. ஆபீஸ்ல குழாய் கிழாய் வெடிச்சிருக்கும், சொல்ல வெக்கப்படுறான்னு விட்டுட்டேன். நானும் அழுதேன். எனக்குத்தான் அந்த வெள்ளைச் சட்டைப் பையன் கண்ணுக்குள்ளயே நிக்கிறானே. நடந்ததை எல்லாம் சொல்லி, ‘ஒரு பிள்ளையை அப்படிக் கதற விட்டாளே, அவ மட்டும் என் கையில கிடைச்சா நாலு அறை விடுவேன்டா’ன்னேன். என் மகன் என்னையே பாத்துக்கிட்டிருந்தான். ‘அவங்க கிடைச்சுட்டாங்கம்மா’ன்னான். ‘உசுரோடயா?’ ‘உசுரோடதாம்மா. வீட்டுல சமையல் பண்ணிக்கிட்டிருந்தாங்களாம்.’ கொழுப்பைப் பாத்தியா அவளுக்கு! ஊரே கடலைச் சல்லடை போட்டுச் சலிக்குது, மகராணி சமையல் பண்ணிக்கிட்டிருந்தாளாம்!

சிரிக்காதம்மா, நெசமாத்தான் சொல்றேன்.

மறுநாள் விசா விஷயம்னு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தான். கையில பிளாஸ்டிக் கவரு. பாத்தா, என் செருப்பு! மேல நம்பர் ஒட்டி, சீல் வச்சு. சொட்டர், கண்ணாடி, சீட்டு எல்லாம் தனித்தனிக் கவர்ல. நான் புகாரே கொடுக்கலை தாயி! செருப்புத் திருட்டுக்குக்கூட ஒரே நாள்ல கேஸைப் பிடிச்சு, பொருளை மீட்டு, வீட்டுக்கே கொடுத்துவிடுது அந்த ஊர் போலீஸு. திருடன் இருக்கான், இல்லைன்னு சொல்லலை, ஆனா போலீஸும் இருக்கு. கால்சட்டையைத் திருப்பிக் கொடுக்க என்னை அந்தக் கிழவிககிட்டயும் கூட்டிட்டுப் போனான். என்னமோ சொல்லித் தரையில விழாத குறையா அவளுகளைக் கும்பிட்டான். அந்த மூத்தவ என் முதுகுல படார் படார்னு நாலு வச்சுட்டு, அப்புறம் கட்டிப் பிடிச்சு அழுகுறா. ரெண்டு மணி நேரப் பழக்கத்துக்கு அம்புட்டுப் பிரியம்!

லீவா? அதைக் கேளு. அன்னைக்கே பத்து நாள் லீவு போட்டுட்டான். கப்பல் கிடக்கட்டும்மான்னுட்டான். ஊரையெல்லாம் சுத்திக் காட்டுனான், படகுல கூட்டிட்டுப் போனான். போன இடத்துல எல்லாம் கையை விடலை, எனக்கு வேர்த்துப் போச்சு. இவனுக்கு நான் வேணுமா வேண்டாமான்னு கேக்கணும்னு இருந்தேன்ல, அதைக் கேக்கவே மறந்து போச்சு. கடல்ல விழுந்தாத்தான் லீவு கிடைக்கும்போலன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன், விழாமலே கிடைச்சிருச்சு பாரு. எல்லாம் அந்தச் சமுத்திரத்துல போட்ட கும்பிடு. ஒண்ணே ஒண்ணுதான், இப்ப நான் சாகுறேன் கீகுறேன்னு பேச்சுக்குச் சொன்னாக்கூட அவன் முகம் ஒரு மாதிரி ஆயிருது. அதனால விட்டுட்டேன். இருபது வருஷப் பழக்கமா, முப்பது வருஷப் பழக்கம், விடக் கஷ்டமாத்தான் இருக்கு.

என்னம்மா, கண்ணைத் துடைக்கிற? தூசியா? ஜன்னலைச் சாத்து. இரு, போன் அடிக்குது. அவன்தான். அங்க இப்ப ஏழரை மணி, வீட்டுக்கு வந்திருப்பான். ஊருக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு நாள் தவறாது. வீடியோவுலதான் வருவான். எடுத்ததும் சாப்பிட்டியான்னு கேக்குறதில்ல இப்பல்லாம். மொதல்ல ‘காலைக் காட்டும்மா’ம்பான். திருட்டுப் போன செருப்பு மேல என்னைவிட அவனுக்குத்தான் அக்கறை.

இந்தா முனீஸு, பாரு. நல்லாத் தெரியுதா? ரெண்டும் கால்லதான்டா இருக்கு.